காயம் ஆறிவிட்டது, விரல் மட்டும் ஏன் எழவில்லை? கை கால் நரம்புக் காயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கம் பல வருஷமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். நரம்பில் காயம்பட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் காயம்பட்ட வாரத்தில் வருவதில்லை. தையல் பிரித்து, புண் காய்ந்து, நாலு மாதம் எண்ணெய் நீவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆறிருச்சு, விரல் மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது" என்று வருகிறார்கள். அந்த நாலு மாதம் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே சொல்லியிருக்கும் அடையாளங்களைப் பார்க்க எந்த மெஷினும் வேண்டாம். ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு பேனா, ஒரு சீட்டு போதும்.

நரம்பு என்றால் எது? ஊசி போடுகிற நரம்புதானே?

இல்லை, குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நம் பேச்சில் மூன்று வேறு பொருள்களுக்கு ஒரே பெயர். புறங்கையில் நீலமாகத் தெரிவதும் "நரம்பு ஊசி" போடுவதும் ரத்தக்குழாயில். மணிக்கட்டில் கயிறு மாதிரி எழும்பி நிற்பது தசைநாண்; தசையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகும் வடம் அது. இந்தப் பக்கத்தில் நான் நரம்பு என்று சொல்வது மூன்றாவதை: மூளையும் தண்டுவடமும் இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோய், தோலில் பட்ட சூட்டையும் தொடுதலையும் திருப்பிக் கொண்டுவருகிற வெள்ளை இழை. வெளியில் இருந்து பார்த்தால் இது பெரும்பாலும் தெரியாது. எனவே யாராவது "நரம்பு கட் ஆயிருச்சு" என்று சொன்னால், எது அறுந்தது என்று கேட்டு வாங்குங்கள். நாண் மட்டும் அறுந்தால் விரல் மடங்காது, ஆனால் உணர்ச்சி இருக்கும். நரம்பு அறுந்தால் பெரும்பாலும் உணர்ச்சியும் போகும்.

காயம்பட்ட அன்றைக்கே நரம்பு போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். ஊசி போட்டபின் விரல் எப்படியும் மரத்துத்தான் இருக்கும், அப்போது கேட்டு எந்தப் பலனும் இல்லை.

மீன் வெட்டும் ஓர் அக்கா, அரிவாள்மனை சரிந்து மணிக்கட்டின் உள்பக்கம் வெட்டிக்கொண்டார். ஒரு கிளினிக்கில் நன்றாகவே தையல் போட்டிருந்தார்கள். தழும்பு கூட மெல்லியதுதான். ஆனால் விரல் நுனி தெரிகிறதா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து அவர் என்னிடம் வந்தது அந்தத் தழும்புக்காக இல்லை, ஆள்காட்டி விரலில் தீக்கொப்புளம் வந்ததற்காக. சுடுசட்டியைத் தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை. முதல் நாள் ஒரு நிமிஷம் செலவழித்திருந்தால் போதும்.

அந்த ஒரு நிமிஷத்தில் செய்ய வேண்டியது இதுதான். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் மூன்று இடத்தை மெல்லத் தொடுங்கள்: ஆள்காட்டி விரல் நுனி, சுண்டு விரல் நுனி, புறங்கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் தோல். கைக்குப் போகும் முக்கியமான மூன்று நரம்புகளுக்கு ஆளுக்கொரு இடம்: முதலாவது மீடியன் நரம்பின் இடம், இரண்டாவது அல்நார், மூன்றாவது ரேடியல். நல்ல கையோடு ஒப்பிட்டு "ரெண்டும் ஒண்ணு போல இருக்கா?" என்று கேளுங்கள். அழுத்திக் கேட்கக் கூடாது. அழுத்தினால் பக்கத்துத் தோல் இழுபட்டு, இல்லாத உணர்ச்சி இருப்பதுபோல் பதில் வரும். அப்புறம் மூன்று அசைவு: பெருவிரலை மேலே தூக்கி "சூப்பர்" காட்டுவது ரேடியல், பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடுவது மீடியனின் ஒரு கிளை, விரல்களை விசிறி மாதிரி விரிப்பது அல்நார்.

காயத்தின் அளவை வைத்து ஏமாறாதீர்கள். திருக்கை முள் குத்தினால் வெளியே ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும், ஆனால் அந்த முள்ளின் இரு ஓரமும் ரம்பம் மாதிரி பல் வைத்தது. உடைந்த கண்ணாடி டம்ளரும் அப்படித்தான்.

காலையில் எழுந்தால் கை மணிக்கட்டோடு தொங்குகிறது. பக்கவாதமா?

வீட்டில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், பயப்பட வேண்டியதும் நியாயம்தான். முதலில் முகத்தைப் பாருங்கள், பேசச் சொல்லுங்கள், அதே பக்கத்துக் காலைத் தூக்கச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ கால் பலம் குறைந்திருந்தாலோ மேலே படிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. சந்தேகமாக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

முகம், பேச்சு, கால் எல்லாம் சரி, மணிக்கட்டு மட்டும் தொங்குகிறது, புறங்கையில் பெருவிரல் பக்கம் மரத்திருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ரேடியல் நரம்பு. புஜத்தின் நடுவில் இந்த நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிப் போகிறது. படகின் விளிம்பில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசந்து தூங்கினாலோ, குடித்துவிட்டு நாற்காலி முதுகில் கை போட்டுத் தூங்கினாலோ நசுங்கிவிடும். புஜ எலும்பு முறிந்தாலும் முதலில் மாட்டுவது இதுதான். அக்குளில் ஊன்றுகோல் அழுத்தி வந்தது என்றால் முழங்கையை நீட்டும் பலமும் சேர்ந்து போயிருக்கும், எனவே அதையும் பாருங்கள்.

இதில் ஒரு கண்கட்டு உண்டு. மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு "விரலை நீட்டு" என்றால் விரலின் கடைசி இரண்டு கணுவும் நீளும். "நீட்டுறாரே, நரம்பு நல்லா இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். அந்தக் கணுக்களை நீட்டுவது உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள், அவை ரேடியலின் ஆட்கள் இல்லை. விரல் கையோடு சேரும் அடிக்கணு எழுகிறதா என்று பாருங்கள், அதுதான் உண்மையான சோதனை. "பிடிக்கவும் பலம் இல்லை" என்று சொன்னால் மணிக்கட்டை நீங்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள், பிடி திரும்பிவிடும். மணிக்கட்டு எழுகிறது, ஆனால் பெருவிரல் பக்கம் சாய்ந்து எழுகிறது, விரல்கள் அடியில் தொங்குகின்றன, மரப்பே இல்லை என்றால் முழங்கைக்குக் கீழே அதன் உள்கிளை மட்டும் பட்டிருக்கிறது.

சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியே இருக்கின்றன. இது எந்த நரம்பு?

அல்நார். முழங்கையின் உள்பக்கம் இடித்தால் சுண்டு விரல் வரை ஷாக் அடிக்குமே, அதே நரம்பு. அடிக்கணு பின்னால் வளைந்து, அடுத்த கணுக்கள் மடங்கி, நண்டு கொடுக்கை மடக்கி வைத்த மாதிரி இருக்கும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புறங்கைச் சதை குழி விழுந்திருக்கும். நாள்பட்டதை அந்தக் குழியே சொல்லிவிடும்.

உள்ளங்கையை மேசையில் பதிய வைத்து விரல்களுக்கு நடுவில் ஒரு சீட்டையோ ஆதார் அட்டையையோ சொருகி இழுங்கள். பிடிக்க முடியாமல் உருவிக்கொண்டு வரும். மேசையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கை அந்தரத்தில் இருந்தால் நீட்டும் தசைகளே விரலை விரித்துக் காட்டி ஏமாற்றும். அடுத்தது, இரண்டு கையிலும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு செய்தித்தாளைப் பிடிக்கச் சொல்லி இழுங்கள். கெட்ட கையில் பெருவிரலின் நுனிக்கணு மடங்கும், ஏனென்றால் சேர்த்துப் பிடிக்கும் தசை போய்விட்டது, மீடியன் நரம்பின் தசை அந்த வேலையை எடுத்துச் செய்கிறது. 1915-ல் பிரான்சில் ஜூல் ஃப்ரோமன் எழுதிவைத்த அடையாளம் இது. முதல் உலகப்போரில் கை கால் நரம்பு அறுந்து வந்த சிப்பாய்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வித்தையில் பாதியை மருத்துவர்கள் கற்றார்கள்.

இந்த நரம்பில் விசித்திரம் ஒன்று உண்டு. மணிக்கட்டில் அறுந்தால் விரல் நன்றாக மடங்கி நிற்கும், முழங்கையில் அறுந்தால் மடக்கம் குறைவாக இருக்கும். மேலே அறுந்தால் விரலை மடக்கும் நீளத் தசையும் சேர்ந்து செயலிழப்பதே காரணம். அதனால் முழங்கைக் காயம் குணமாகி வரும்போது விரல் முன்பைவிட அதிகமாக மடங்கும். "மோசமாகுது" என்று பயந்து மருத்துவத்தை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நரம்பு கீழே இறங்கி வருகிறது என்பதற்கான நல்ல செய்தி.

பெருவிரலால் பட்டன் போட முடியவில்லை, சின்னப் பொருளைப் பொறுக்க முடியவில்லை. ஏன்?

மீடியன் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மோதிர விரலில் பாதியும் இதன் பொறுப்பு. புறங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கைக்கு மேலே ஒரு பேனாவைப் பிடித்து, பெருவிரலை நேராக மேலே தூக்கி அதைத் தொடச் சொல்லுங்கள். முடியாது. பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டுச் சதை வற்றி, பெருவிரல் மற்ற விரல்களின் வரிசைக்கே வந்துவிடும். இரண்டு கையையும் கோத்து மடக்கச் சொன்னால் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டி நின்றால் முழங்கை அருகிலோ அதற்கு மேலேயோ அடி.

வலை இழுப்பவர்கள், பாசி எடுக்கும் பெண்கள், தையல்காரர்கள் நிறையப் பேர் கேட்பது வேறு: ராத்திரி கை மதமதத்து எழுப்பிவிடுகிறது, உதறினால் சரியாகிறது. அது மணிக்கட்டுச் சந்துக்குள் இதே நரம்பு நசுங்குவது. இரண்டு புறங்கையையும் ஒட்டி மணிக்கட்டை ஒரு நிமிஷம் மடக்கி வைத்தால் அந்த மதமதப்பு திரும்ப வரும். சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தாலும் வரும். ஆரம்பத்தில் ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே போதும். சதை வற்றத் தொடங்கினால் தாமதிக்கக் கூடாது.

சின்னப் பிள்ளைக்கு எப்படிப் பார்ப்பது? உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறான்.

கேட்கவே வேண்டாம், தோலே சொல்லும். நரம்பு அறுந்த இடத்தில் வியர்வை வராது, அதனால் அந்தத் தோல் வறண்டு வழுவழுப்பாக இருக்கும். பிளாஸ்டிக் பேனாவை விரல் பக்கவாட்டில் இழுங்கள், நல்ல விரலில் லேசாக ஒட்டிப் போகும், கெட்ட விரலில் சறுக்கும்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த சோதனை. விரலைத் தண்ணீரில் ஊறவைத்தால் நுனி சுருங்குமே, அது தோல் ஊறுவதால் மட்டும் வருவதில்லை, நரம்பு ரத்தக்குழாயைச் சுருக்குவதால் வருவது. புண் முழுதும் ஆறியபின் இரண்டு கையையும் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரைமணி வையுங்கள். நரம்பு இல்லாத விரல் சுருங்காது. கடலில் பாசி எடுக்கப்போகும் ஒரு லாத்தா (அக்கா) இதைத் தானாகவே கவனித்துச் சொன்னார்: மூன்று மணி நேரம் கடலில் இருந்துவிட்டு விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தால் ஒன்பது விரல் சுருங்கியிருக்கிறது, முன்பு பாறையில் கிழிபட்ட விரல் மட்டும் மொழுமொழு என்று இருக்கிறது. அவர் சொன்னது அச்சு அசல் மருத்துவக் குறிப்பு.

பைக்கில் இருந்து விழுந்த தம்பிக்குக் கை முழுக்கவே வரவில்லை, எலும்பு ஒன்றும் முறியவில்லை என்கிறார்கள்.

இதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் இருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்கள் தோள் அருகே பின்னிக்கொண்டு போகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக வந்து விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால் மேல் வேர்கள் கிழியும். கை பக்கவாட்டில் தொங்கி, உள்பக்கம் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்து நிற்கும், யாருக்கும் தெரியாமல் முதுகுப்பக்கம் கை நீட்டிக் காசு வாங்குவது போல. தோளைத் தூக்கவோ முழங்கையை மடக்கவோ முடியாது, விரல் அசையும். பிரசவத்தில் தோள் சிக்கிய குழந்தைக்கும் இதே தோற்றம் வரும்.

பனையில் இருந்து வழுக்கும்போது மட்டையைப் பிடித்துத் தொங்கினால் கதை தலைகீழ், கீழ் வேர்கள் இழுபடும். தோள் வேலை செய்யும், விரல்கள் எல்லாம் மடங்கிவிடும். அந்தப் பக்கத்துக் கண் இமை சரிந்து, கண்மணி சிறுத்திருந்தால் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அது தானாக ஒட்டாது. இவர்களை ஆறு மாதத்துக்குள், முடிந்தால் மூன்று மாதத்துக்குள், நரம்பு அறுவை செய்யும் மருத்துவரிடம் சேர்த்துவிட வேண்டும்.

தோள் நழுவியவர்களுக்கு ஒரு வரி: போலீஸ்காரர் சட்டைக் கையில் பட்டை தைக்கும் இடத்தில், அதாவது புஜத்தின் மேல் வெளிப்பக்கம், தோலைத் தொட்டு உணர்ச்சி பாருங்கள், தோளை ஏற்றிவிடும் முன்னும் பின்னும்.

பாதம் தொங்குகிறது, செருப்பு நிற்க மாட்டேன் என்கிறது. முதுகெலும்பா, காலா?

முழங்காலுக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே, ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பெரோனியல் நரம்பு தோலுக்கு அடியில் ஓடுகிறது, அதைக் காக்க அங்கே சதையே இல்லை. மணிக்கணக்கில் குத்தவைத்து உட்கார்ந்து மீன் தரம் பிரிப்பது, இறுக்கமான மாவுக்கட்டு, உடம்பு இளைத்தவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டே இருப்பது, எல்லாமே அதை நசுக்கும். நடக்கும்போது தண்ணீரில் நடப்பதுபோல முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைப் பொத்தென்று வைப்பார்கள். குதிகாலில் நிற்க முடியாது, மேல்பாதம் மரத்திருக்கும்.

பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். திருப்ப முடிகிறது என்றால் கோளாறு முழங்கால் பக்கம். அதுவும் பலவீனம், கூடவே முதுகில் இருந்து காலுக்கு வலி இறங்குகிறது என்றால் முதுகில் வேர் நசுங்கியிருக்கிறது. முன்காலில் எம்பி நிற்கவும் முடியவில்லை, உள்ளங்காலும் மரத்துவிட்டது என்றால் அடி இன்னும் மேலே, புட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் சயாடிக் நரம்பில். புட்டத்தில் ஊசி போட்ட நொடியே கால் முழுக்க மின்னல் மாதிரி வலி ஓடி, பிறகு பாதம் விழுந்தவர்கள் இந்த வகை. ஊசியை, புட்டத்தை நாலாகப் பிரித்தால் மேல் வெளிப்பக்கம் வரும் பாகத்தில்தான் போட வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான். முதுகு வலியோடு இரண்டு காலும் பலவீனமாகி, சிறுநீர் வராமல், உட்காரும் இடம் மரத்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் எரிகிறது, பலம் எல்லாம் சரி.

இடுப்பில் பெல்ட்டோ கைலியோ இறுக்கிக் கட்டுவதால் ஒரு தோல் நரம்பு நசுங்குவது. தளர்த்துங்கள், எடையைக் குறையுங்கள், பெரும்பாலும் அதுவே போதும்.

காயமே படவில்லை, ஆனால் கை கால் மரத்துக்கொண்டே போகிறது.

இரண்டு பாதமும் ஒன்றுபோல விரல் நுனியில் தொடங்கி சாக்ஸ் போட்ட மாதிரி மேலேறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ஒரு கை, ஒரு கால் என்று தனித்தனியாக வந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். 2005-ல் இந்தியா பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அதை ஒழித்ததாக அறிவித்தது, ஆனால் புது நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெளிறிய, உணர்ச்சியில்லாத தேமல். முழங்கை உள்பக்கம் தடவினால் தடித்த கயிறு போல அல்நார் நரம்பு. வெட்கப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை, இலவசம். சிகிச்சைக்கு நடுவில் நரம்பு திடீரென்று வலித்து வீங்கினால் அன்றே சொல்லுங்கள், கை மடங்கிப்போவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

எத்தனை நாளில் திரும்ப வரும்?

அடி எப்படி என்பதைப் பொறுத்தது. 1943-ல் செடன் என்ற மருத்துவர் பிரித்த மூன்று வகையை இன்றும் பயன்படுத்துகிறோம். வெறுமனே அழுத்தத்தில் மயங்கிய நரம்பு சில நாளில் இருந்து சில வாரத்தில் விழித்துவிடும், படகு விளிம்பில் தூங்கியவர்கள் இந்த ரகம். உள்ளே இழை அறுந்து வெளி உறை நன்றாக இருந்தால் இழை தானே வளர்ந்து வரும். முழுதும் அறுந்தது தானே சேராது, தைக்க வேண்டும்.

வளர்ச்சி வேகம் சுமாராக நாளுக்கு 1 மில்லிமீட்டர். மணிக்கட்டில் இருந்து விரல் நுனிக்கு 18 செ.மீ. என்றால் ஆறு மாதம். கழுத்தில் இருந்து உள்ளங்கைக்கு 70 செ.மீ. என்றால் இரண்டு வருஷம், ஆனால் கட்டளை இல்லாத தசை ஒன்று ஒன்றரை வருஷத்துக்குமேல் காத்திருக்காது, நாராகிவிடும். காலத்தைப் பற்றி நான் இவ்வளவு புலம்புவதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். நரம்பு வருகிறதா என்று தெரிய, விரல் பக்கமிருந்து மேல்நோக்கி நரம்பின் வழியே தட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு இடத்தில் சுரீர் என்று விரலுக்குள் ஓடும். அந்த இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் வளர்கிறது. ஒரே இடத்தில் நின்றால் யோசிக்க வேண்டும்.

எங்கே போவது, என்ன செய்வார்கள்?

கத்தி, அரிவாள், கண்ணாடி வெட்டில் உணர்ச்சி போயிருந்தால் மூன்று நாளுக்குள் திறந்து பார்த்துத் தைப்பது நல்லது. நசுங்கிக் கிழிந்த காயம் என்றால் சுமார் மூன்று வாரம் பொறுத்து. எலும்பு முறிவோடு, தோல் திறக்காமல் வந்த ரேடியல் பாதிப்பு பெரும்பாலும் தானே சரியாகும், மூன்று மாதம் கவனித்துக் காத்திருக்கலாம். 2022-ல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள், அங்கிருந்து தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நரம்பு மின்சோதனையை முதல் வாரத்தில் எடுத்தால் தெளிவான பதில் கிடைக்காது, மூன்று வாரம் கழித்து எடுப்பதுதான் பயன்.

எண்ணெய் போட்டு நீவலாமா?

மெல்லத் தடவுவதில் தவறில்லை, ஆனால் அறுந்த நரம்பை எந்த நீவலும் சேர்க்காது. அழுத்தி வழிப்பது, சூடு ஒத்தடம் கொடுப்பது வேண்டவே வேண்டாம், மரத்த தோல் வெந்தாலும் தெரியாது. நீங்கள் செய்ய வேண்டியது வேறு: தொங்கும் மணிக்கட்டையும் பாதத்தையும் பட்டை போட்டுத் தாங்குங்கள், ஒவ்வொரு கணுவையும் தினம் மூன்று வேளை மறு கையால் முழுசாக மடக்கி நீட்டுங்கள். நரம்பு வந்துசேரும் நாளில் கணு இறுகிப்போயிருந்தால் வந்தும் பலன் இல்லை. கட்டு, மாவுக்கட்டு போட்டபின் விரலை மற்றவர் லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கட்டைத் தளர்த்தச் சொல்லி அந்த நேரமே ஓடுங்கள்.

ஒன்றரை வருஷம் தாண்டிவிட்டது. இனி ஒன்றும் முடியாதா?

முடியும். நரம்பு வராவிட்டாலும் வேலை செய்கிற தசையின் நாணை எடுத்து வேலை செய்யாத இடத்தில் தைக்கலாம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை இந்த முறையில்தான் திறந்துவைத்தார். பாதம் தொங்குபவருக்கு, பாதத்தை உள்ளே திருப்பும் நாணை முன்பக்கம் கொண்டுவந்து தைக்கிறார்கள். மணிக்கட்டு தொங்குபவருக்கு, மடக்கும் நாண்களில் சிலவற்றைப் புறங்கைக்கு மாற்றுகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் முதல் வாரம் முழுக்கத் திணறினார், விரலை நீட்ட மணிக்கட்டை மடக்க நினைக்க வேண்டுமாம். நாலாவது வாரம் நினைக்காமலே நீட்டினார். இப்போது அதே கையால்தான் வலை கோக்கிறார்.